மிங்லானும் என் மகளும்

 

இம்மாதப் பக்கத்தைப் படித்துவிட்டு உங்களுள் சிலர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதக்கூடும் என்பதை அறிந்தே எழுதுகின்றேன். “மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் மனிதர் காதல் நாடகத்தைப் பற்றி எழுதலாமா?” என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். முழுவதும் படித்த பின்னர்க் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நாள், இஷாத் தொழுகை முடித்து வீடு திரும்பியபோது, என் ராத்தா திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். முகம் சரியில்லை. “உன் மகள் இரவெல்லாம் போனில் சீனாக்காரனுடைய காதல் நாடகம் பார்க்கிறாள். நிச்சயம் ஆகப்போகிற பெண் பார்க்கிற பார்வையா இது? நாளை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?” என்றார்கள். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்ததே ராத்தாதான். மாப்பிள்ளை துபாயில் பொறியாளர். நல்ல குடும்பம். பேச்சு ஏறத்தாழ முடிந்த நிலை.

போனை வாங்கி வைத்துவிடுவது என்ற முடிவோடுதான் மகளின் அறைக்குள் நுழைந்தேன். ஆனால் வாசகர்களே, எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மாணவரிடமிருந்து ஒரு புத்தகத்தைப் பறிமுதல் செய்தால், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கண்டிப்பதில்லை. பார்க்காததைக் கண்டிப்பது பொய்ச்சாட்சி சொல்வதற்குப் பக்கத்தில் நிற்பது என்பது என் எண்ணம். ஆகவே, “என்னம்மா பார்க்கிறாய், எனக்கும் காட்டு” என்று பக்கத்தில் அமர்ந்தேன். பத்து நிமிடம் என்று அமர்ந்தவன், எழுபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களைப் பார்த்து முடித்துத்தான் எழுந்தேன். நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம், சில நாட்களில் இரண்டு. என் மனைவி சிரித்த சிரிப்பை இங்கே எழுத வேண்டியதில்லை.

சீனத்து நாடகங்கள் நம் வீடுகளுக்குள் எவ்வாறு வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். 2020ஆம் ஆண்டு நவம்பரில் நம் நாட்டு அரசு தடை செய்த 43 செயலிகளுள், இந்நாடகங்களை வழங்கி வந்த வீடிவியும் மாங்கோ டிவியும் இருந்தன. ஆயினும் யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் ஆகியவற்றின் வழியாக அவை நின்றபாடில்லை. ஒவ்வோர் அத்தியாயமும் முக்கால் மணி நேரம். ஒரு நாடகத்துக்கு முப்பது, நாற்பது அத்தியாயங்கள். சிலவற்றுக்கு எழுபது, எண்பது. இந்த இழுவையைப் பொறுக்க முடியாமல் அந்நாட்டு அரசே 2020இல் நாற்பதுக்கு மேல் போகக்கூடாது, முப்பதுக்குள் முடிந்தால் நல்லது என்று அறிவுறுத்தியது. 2025இல்தான் அதனைத் தளர்த்தியது. நம் தொலைக்காட்சித் தொடர்களுக்கு அப்படியோர் அறிவுறுத்தல் வராதா என்று ஏங்காத குடும்பத் தலைவர் உண்டோ!

நாங்கள் பார்த்த நாடகத்தின் பெயர் ‘தி ஸ்டோரி ஆஃப் மிங்லான்’. 2018 டிசம்பர் 25ஆம் நாள் சீனத்தின் ஹூனான் தொலைக்காட்சியில் தொடங்கியது. காலம், ஸோங் பேரரசின் காலம். கல்லூரியில் வரலாறு பயின்றவன் ஆதலால் என் செவிகள் உடனே நிமிர்ந்தன. மிங்லான் வாழ்வதாகக் காட்டப்படும் தலைநகர் இன்றைய கைஃபெங். அதே ஸோங் அரசவைக்குத்தான் நம் சோழ மன்னரின் தூதுக்குழு 1015ஆம் ஆண்டில் சென்று சேர்ந்தது. அதே ஸோங் காலத்தில், 1009ஆம் ஆண்டில்தான், ச்சுவான்ஜோ துறைமுகத்தில் அரபு வணிகர்களின் பள்ளிவாசல் எழுந்தது. இன்றும் அதன் கற்சுவர்கள் நிற்கின்றன. இதையெல்லாம் நான் ஆர்வமாகச் சொல்லத் தொடங்கியபோது, “வாப்பா, கதை ஓடுகிறது” என்று மகள் நினைவூட்டினாள்.

கதை இதுதான். ஷெங் என்னும் அதிகாரியின் வீட்டில் ஓர் உரிமை மனைவி, அவருக்குக் கீழே உரிமையில்லாத துணைவியர். துணைவி ஒருத்தியின் மகள் மிங்லான். அவளுடைய தாய் பிரசவ வேளையில், வேறொரு துணைவியின் சூழ்ச்சியால் உரிய உதவி கிட்டாமல் இறந்துபோகிறாள். அச்சிறுமியைப் பாட்டி எடுத்து வளர்க்கிறார். இரத்த உறவில் அவர் சொந்தப் பாட்டிகூட அல்லர்; அவ்வதிகாரியைப் பெற்றவரல்லர், வளர்த்தவர். அந்தச் சிறுமி அன்றே ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள்: அறிவுள்ளவள் என்று காட்டிக்கொண்டால் இந்த வீட்டில் பிழைக்க முடியாது. ஆகவே தலை குனிகிறாள். மந்தமானவள் போல் நடக்கிறாள். கேட்டால் ‘ஆம்’ என்கிறாள், அல்லது பேசாமலிருக்கிறாள். அவ்வீட்டார் அனைவரும் அவளைச் சாதுவான, பெரிதாக எதுவும் தெரியாத பெண் என்று நம்பிக்கொண்டிருக்கின்றனர்.

காதல் நாடகம் என்கிறார்களே, காதல் எங்கே என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. சி ஹெங் என்னும் பிரபுவின் மகன் அவளை விரும்புகிறான். நல்ல பிள்ளை, அழகன், படிப்பாளி. ஆனால் தாயின் சொல்லை மீற அவனால் இயலவில்லை. அழுகிறான், உண்ணாமல் கிடக்கிறான், இறுதியில் குடும்பத்தைக் காக்கும் பொருட்டு வேறொருத்தியை மணக்கிறான். அவனுக்காகப் பல இலட்சம் பெண்கள் கண்ணீர் வடித்தார்களாம். என் மகளும் வடித்தாள். எனக்கென்னவோ கோபம்தான் வந்தது. தன் வீட்டில் பேசி முடிக்க இயலாதவன், ஒரு பெண்ணின் மனத்தில் நம்பிக்கையை விதைக்க என்ன உரிமை பெற்றான்? இதில் எனக்கும் மகளுக்கும் இரண்டு நாள் வழக்கு நடந்தது. “பாவம் வாப்பா, அவன் வேறென்ன செய்வான்?” என்பது அவள் கட்சி. தீர்ப்பு இன்னும் வழங்கப்படவில்லை.

அவளை இறுதியில் மணக்கும் கு திங்யே, ஊரார் வாயில் கெட்டவன் என்று பெயர் வாங்கியவன். முன்பே ஒரு பெண்ணிடம் ஏமாந்து இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையானவன். அவனிடம் இருந்த நல்ல குணம் ஒன்றே ஒன்று: மிங்லான் நடிக்கிறாள் என்பதை அவன் கண்டுகொண்டான், அவளுடைய அறிவைக் கண்டு அஞ்சவில்லை. (இப்பாத்திரங்களில் நடித்த இருவரும் 2018இல் உண்மையாகவே மணம் முடித்தவர்கள் என்றும், 2021இல் பிரிந்துவிட்டார்கள் என்றும் மகள் வருத்தத்தோடு சொன்னாள். திரையின் மணம் திரைக்குத்தான்.)

இந்நாடகத்தில் என்னைக் கவர்ந்தது, திருமணத்தோடு கதை முடிந்துவிடாததே. பெரும்பாலான காதல் கதைகள் மணமேடையில் வணக்கம் போட்டுவிடும். இங்கே ஏறத்தாழப் பாதியில் மணம் நடந்துவிடுகிறது. பிறகுதான் உண்மையான பாடம். புகுந்த வீட்டின் கணக்கு வழக்கு, வேலைக்காரர்களின் திருட்டு, தேனொழுகப் பேசும் மாமியார், சொத்துப் பகை என்று அத்தனையும் வரிசையாக வருகின்றன. மிங்லானின் மூத்த அக்காள் ஹுவாலான் பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கொண்டு சென்ற சீர்ப்பொருளை வீட்டுச் செலவென்று சொல்லி மாமியார் கரைத்தெடுக்கும் காட்சிகளைப் பார்க்கையில், இது சீனமா நம் தெருவா என்ற ஐயம் எழுந்தது. நாமும் ‘கைக்கூலி’ என்ற பெயரை வெட்கப்பட்டு விட்டுவிட்டோம்; ‘அன்பளிப்பு’ என்று புதுப்பெயர் சூட்டியிருக்கின்றோம். மஹர் தொகையை மட்டும் பாட்டனார் காலத்து எண்ணிலேயே நிறுத்தியிருக்கின்றோம். அதில் மட்டும் நமக்கு மரபுப் பற்று!

அவ்வீட்டுத் தந்தையைப் பற்றியும் ஒரு சொல். அவர் கொடியவர் அல்லர். ஆனால் ஒரு துணைவியின் கண்ணீரை மட்டும் நம்பி, மற்றவர்களைக் காணாமலே போய்விட்டவர். ஒருத்திக்கு மேல் இருந்தால் நீதி வேண்டும், நீதிக்கு அஞ்சினால் ஒன்றோடு நில் என்ற நிபந்தனையின் கனத்தை, நான் வகுப்பில் விளக்கியதைவிட அந்த மனிதர் தெளிவாக விளக்கிவிட்டார் என்றே சொல்வேன்.

இவ்வளவு புகழ்ந்த பின்னர், குறைகளைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. மிங்லானை முடித்த கையோடு வேறு சிலவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்தோம். அவற்றுள் பல எனக்குப் பிடிக்கவில்லை. பெரும் பணக்கார முதலாளி, ஏழைப் பெண், அவன் அதட்டுவான், மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் செல்வான், அவள் ‘விடு’ என்பாள், அவன் விடமாட்டான், பின்னணியில் இனிய பாட்டு ஒலிக்கும்! இதுவா அன்பு? தெருவில் ஒருவன் அப்படி இழுத்தால் நாம் போலீசைக் கூப்பிடுவோம். இசை சேர்ந்துவிட்டால் மட்டும் அது அன்பாகிவிடுமா? இந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. மகளே போனை அணைத்தாள். 2023இல் வந்த ‘ஹிட்டன் லவ்’ என்பதில் பள்ளிச் சிறுமி ஒருத்தி அண்ணனின் நண்பன்மீது மனம் வைக்கிறாள். அந்த வாலிபன் கண்ணியமாக நடந்துகொள்கிறான் என்பது உண்மைதான். ஆனாலும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதனை ஓடவிட என் மனம் ஒப்பவில்லை.

இவற்றைவிடத் தொல்லை தருவது இப்போது பரவியிருக்கும் குறுநாடகங்கள். ஓர் அத்தியாயம் ஒன்றிரண்டு நிமிடம். ஒவ்வொன்றும் ஓர் அறையிலோ ஓர் அலறலிலோ முடியும். முதலில் சில அத்தியாயங்கள் இலவசம். ஆசை பற்றிக்கொண்டதும் காசு கேட்கும். சீன அரசே 2024 ஜூன் முதல் இவற்றுக்கு உரிமமோ பதிவோ கட்டாயம் என்று விதி செய்தது. எழுபது அத்தியாயம் பொறுமையாகப் பார்க்கிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை கட்டைவிரலைத் தள்ளுகிற பிள்ளையைப் பற்றித்தான் கவலை.

மாறாக, 2021இல் வந்த ‘யூ ஆர் மை குளோரி’ கண்ணியமாக இருந்தது. விண்வெளித் துறையில் பணிபுரியும் இளைஞன் ஒருவன், பெற்றோரின் தேவைக்குப் பொருள் போதவில்லையே என்று அப்பணியை விட்டுவிடலாமா எனத் தடுமாறுகிறான். அந்தத் தடுமாற்றம் நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. அதில் நாயகியாக நடித்த தில்ரபா தில்முராத், சின்ஜியாங்கின் உருமுச்சியில் பிறந்த உய்குர் இனப் பெண். பெயரைக் கேட்டதும் மகள் ஆவலோடு, “நம்மவங்களா வாப்பா?” என்றாள். சீனத்தில் முஸ்லிம் பெரும்பான்மையினங்களாகப் பத்து இனங்கள் உள்ளன என்பதையும், உய்குர் மக்கள் படும் பாட்டைப் பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், அங்கே நடப்பவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகவும் இருக்கக்கூடும் என்று குறித்ததையும் சொன்னேன். நாங்கள் பார்த்த எந்த நாடகத்திலும் ஒரு பள்ளிவாசலோ, ஒரு தொழுகையாளியோ தென்படவில்லை. அழகிய முகத்தை முன்னே நிறுத்திவிட்டு அதன் ஊரை மறைத்துவிடத் திரைக்கு இயலும். அன்று அதற்கு மேல் நாங்கள் நாடகம் பார்க்கவில்லை.

இனி, இப்பக்கத்தை எழுதத் தூண்டிய அந்த இரவுக்கு வருகின்றேன்.

மிங்லானுக்கு வரன் பார்க்கும் கட்டம். பெரியவர்கள் கூடிப் பேசுகின்றனர். அவள் வழக்கம்போல் தலை குனிந்து நிற்கிறாள். பிறகு பாட்டி அவளைத் தம் அறையில் தனியே அமர்த்தி, உன் மனத்தில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கிறார். அங்கேதான் அவள் வாய் திறக்கிறாள். அத்தனை ஆண்டுகள் பேசாதிருந்த பெண் அருவி போலப் பேசுகிறாள்.

என் மகள் போனை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. “தனியா வச்சுக் கேக்குறாங்க, பாத்தீங்களா வாப்பா” என்றாள். மீண்டும் ஓடவிட்டாள்.

வாசகர்களே, அதற்குப் பின் அந்த அத்தியாயத்தில் என்ன நடந்தது என்பது எனக்கு நினைவில்லை. கன்னிப் பெண்ணின் அனுமதியைக் கேட்க வேண்டும், நாணத்தால் அவள் காக்கும் மௌனமே அவளது அனுமதி என்ற நபிமொழியை இருபது ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகின்றேன். ‘கேட்க வேண்டும்’ என்ற முதற்பகுதியை விரைந்து கடந்து, ‘மௌனம்’ என்ற பின்பகுதியில் நெடுநேரம் நின்றிருக்கின்றேன். என் வீட்டில் நான் கேட்டது எப்படி? கூடத்தில், ராத்தாவும் மச்சானும் என் மனைவியும் இன்னும் இரண்டு உறவினரும் சூழ்ந்திருக்க, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னம்மா, சம்மதந்தானே?” என்றேன். ‘தானே’ என்ற அந்த ஒட்டைக் கவனியுங்கள். அவள் தலை குனிந்தாள். ராத்தா “அல்ஹம்து லில்லாஹ்” என்றார்கள். முடிந்தது. எத்தனை வினாடி எடுத்தது என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே கூசுகின்றது.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின், மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் சென்றேன். “அன்றைக்குக் கேட்டது கேட்டதாகாது. இப்போது கேட்கிறேன். வேண்டாம் என்றாலும் வாப்பாவுக்கு வருத்தமில்லை” என்றேன். நெடுநேரம் பேசவில்லை. பின்னர்ப் பேசினாள். மாப்பிள்ளையை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. முதுகலை இரண்டாம் ஆண்டு. முடிக்க இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நிக்காஹ்வுக்குப் பின் படிப்பை விட்டுவிடலாம் என்று கூடத்தில் யாரோ சொன்னதும், நான் அதற்குத் தலையசைத்ததும் அவள் செவியில் விழுந்திருக்கிறது. நான் அசைத்தது எனக்கு நினைவே இல்லை. இரண்டாவது, மாப்பிள்ளையிடம், நான் உடனிருக்க, ஒருமுறை பேச வேண்டும். மணமான நாற்பதாம் நாள் அவர் திரும்பிப் போய்விடுவாரா, அழைத்துப் போவாரா என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும். “இதை ஏம்மா முன்னமே சொல்லவில்லை?” என்றேன். “யாரும் கேக்கலையே வாப்பா” என்று சொல்லிவிட்டுத் துணியை உதறினாள்.

அன்று மாலையே மாப்பிள்ளையின் வாப்பாவுக்குப் போன் செய்தேன். பெரிய மனிதர், மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். படிப்பைப் பற்றி மறுப்பில்லை என்றார். பேச வேண்டும் என்றதற்கு மட்டும், “நம் ஊரில் அப்படி வழக்கமில்லையே” என்றார். அதன் பின்னர் மூன்று வாரம் அங்கிருந்து செய்தியே இல்லை. ராத்தா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். “நாடகம் பார்த்து நாடகம் ஆடுகிறாய்” என்று ஒரே ஒரு வாக்கியம், அதுவும் என் மனைவியிடம் சொல்லியனுப்பியது. மகள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. அவளோ என்றைக்கும்போல் கல்லூரிக்குப் போனாள், வந்தாள். இரவில் ஓர் அத்தியாயம் நிற்கவில்லை. சம்பந்தம் முறிந்துவிட்டால் ஊரார் என்ன பேசுவார்கள் என்று இரவுகளில் புரண்டிருக்கின்றேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

இதற்கிடையில் ஒருநாள் இரவு, என் மனைவியிடம் ஏதோ பாத்திரம் வாங்க ராத்தா வந்தார்கள். நாங்கள் நாடகத்தின் இறுதிப் பகுதியில் இருந்தோம். மிங்லானின் பாட்டிக்கு உறவுக்காரி ஒருத்தி பலகாரத்தில் நஞ்சு கலந்து கொடுத்துவிட, மிங்லான் வாசற்கதவுகளை அடைத்து, ஒருவரையும் வெளியே விடாமல், தன் தந்தையையே எதிர்த்து நிற்கிறாள். சாது என்று எல்லோரும் நம்பியிருந்த அதே பெண்! ராத்தா சுவரைப் பார்த்தபடி அமர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரைப் பார்ப்பது குறைந்தது. அத்தியாயம் முடியும் முன்னரே, கோபம் நினைவுக்கு வந்தவர் போலப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்தபோது, மீண்டும் திண்ணையில் ராத்தா. என்னைப் பார்த்து, “அந்தப் பையனே எனக்குப் போன் போட்டான். அவனுக்கும் பேசணுமாம். வாப்பாகிட்ட அவனே சொல்லிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவான்; நீ பக்கத்தில் இரு” என்றார்கள். நான் ஸலாம் சொல்லக்கூட மறந்து நின்றேன். மகள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

ராத்தா அவளைக் கையசைத்து அழைத்தார்கள். “இங்கே வா. அந்தக் கிழவியம்மா பிழைச்சாளா இல்லையா?”

“பிழைச்சிட்டாங்க மாமி.”

“அதை எனக்கு யாராவது சொன்னீங்களா?” என்று கடிந்துகொண்டு, திண்ணையில் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். மகள் போனை எடுத்து வந்து, விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டாள்.